தரை தொடாத கால்

2014 அக்டோபரில் ஜெயித்த ஆட்டத்தை ஹார்லன் ஃபோர்க் கல்லூரி 2022 நவம்பர் 28ஆம் தேதி, திங்கட்கிழமை காலை ஏழே காலுக்குத் தோற்றது. அந்த நேரத்தில் மைதானத்தில் யாரும் இல்லை, அரை அடிப் பனிதான் கிடந்தது. தோல்வி நடந்த இடம் மெயின் தெருவில் வில்மாவின் சாப்பாட்டுக் கடை, சன்னலோரத்து நீள மேசை. எட்டு வருடத்துக்கு முந்தைய அந்த வெற்றி வெறும் அதிர்ஷ்டம், எதிரணிக்காரன் பந்தை நழுவவிட்டதால் வந்தது என்று மாட்டுத் தீவனக் கடை கஸ் பெட்ராசெக் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. அன்று மதியம் நூலகத்தில் பழைய செய்தித்தாளைப் பிரித்தபோது, வெற்றி என்று இருந்த இடத்தில் தோல்வி என்று இருந்தது. மையும் தாளும் எட்டு வருடப் பழுப்போடு, முதலிலிருந்தே அப்படித்தான் என்பது போல இருந்தன. அந்த வெற்றிக்காகக் கஸ் முன்னங்கையில் குத்திக்கொண்ட, அணிச் சின்னமான காட்டெருமைப் பச்சையும் காணாமல் போயிற்று. அன்றைக்கு ஆர்வக்கோளாறில் அடித்து விரிசல் விழுந்த தேவாலய மணி முழுசாகிவிட்டது. பாதிரியார் அதை லாபக் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

மேசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் ஒன்றைச் சொல்லி, வில்மாவின் காபிக் கூஜா மேசையை ஒரு சுற்று வந்து முடிவதற்குள் யாரும் மறுக்காவிட்டால், அது முடிந்த பேச்சு. மறுபடி எடுக்கக் கூடாது. மறுப்பு வந்தால் கை தூக்க வேண்டும். மேசைக்கு வருபவர்கள் பதினொரு பேர், அதனால் சரிபாதியாக நின்றதே கிடையாது. பன்னிரண்டாவது நாற்காலியில் கோட்டுகளைக் குவித்து வைப்பார்கள். நாற்பது வருடமாக இப்படித்தான் யாருடைய டிராக்டர் உசத்தி, எந்த வருடப் புயல் பெரிசு என்றெல்லாம் தீர்த்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் அந்தத் தீர்ப்பு ஏன் பின்னோக்கிப் பாய்ந்தது என்று யாரும் துருவவில்லை. அந்த வருடம் சோயா விலையும்தான் காரணமில்லாமல் ஏறியது.

மேசையின் பஞ்சாயத்து, கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்குக் கோச்சான ராய்ஸ் டிட்மரைப் பற்றியது. பன்னிரண்டு பருவமாக அவர்தான் பயிற்சியாளர். இந்த முறை பத்து ஆட்டத்தில் இரண்டு ஜெயித்து எட்டைத் தோற்றிருந்தார். மொத்தமாகப் பார்த்தால் 67 வெற்றி, 52 தோல்வி. ஜனவரிக் கூட்டத்தில் மொத்தத் தோல்வி வெற்றியைத் தாண்டியிருந்தால் ஆளை அனுப்பிவிடுவது என்று கல்லூரி நிர்வாகம் எழுத்திலேயே கொடுத்திருந்தது. பதினைந்து வெற்றி கூடுதலாக இருக்கும்போது அது எப்படி நடக்கும் என்று முதலில் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு வாரத்தில் சிரிப்பு நின்றது. கஸ்ஸின் கட்சி ஒவ்வொரு வெற்றியாக எடுத்து அதிர்ஷ்டம் என்று அடித்துச் சாய்த்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நார்பர்ட் ஹின்ஸின் கட்சி பழைய தோல்விகளை எடுத்து நடுவர் செய்த அநியாயம் என்று வாதாடி மீட்டது. காலையில் 63 வெற்றி, மதியம் 61, மறுநாள் 64. நூலகக்காரி தினம் இருமுறை ஃபோன் செய்து அன்றைய நிலவரத்தைச் சொன்னாள்.

"ரெண்டு ஜெயிச்சு எட்டு தோத்தவனுக்கு வக்காலத்து வாங்குறியே, உனக்கு வெக்கமா இல்லயா?" என்றார் கஸ்.

"உன் தீவனத்துல உமி கலந்திருக்குன்னு ஊரே சொன்னப்போ உனக்கும் நான்தான்யா வக்காலத்து வாங்கினேன்" என்றார் நார்பர்ட்.

"அது வேற, இது வேற. பத்து கெஜத்துல ஒரு கெஜம் பாக்கி இருக்கு, கடைசி முயற்சி. புத்தியுள்ளவன் பந்தை உதைச்சு அந்தப் பக்கம் அனுப்புவான். இந்தாளு முட்டிக்கிட்டு நிக்கிறான். வருஷம் பூரா இதே கூத்து!"

"முட்டினதுல பாதி ஜெயிச்சிருக்கார். நீ பாதியை மட்டும் பாக்குற."

ஊரே நிலைகொள்ளாமல் தவித்தது. எந்த ஆட்டத்தோடு தன் வாழ்க்கையில் எது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொருவரும் வீட்டில் உட்கார்ந்து யோசித்தார்கள். ஆறு மணிக்குத் திறக்கும் கடைக்கு ஐந்தரைக்கே வந்து வாசலில் கால் மாற்றி நின்றார்கள். வராவிட்டால் தன்னுடையது போய்விடும், வந்தால் வாயைத் திறக்க வேண்டும். எல்லோரிலும் அதிகம் தவித்தவள் மேசையின் பதினொரு பேரில் ஒருத்தியான லவான் கோசிசெக்.

லவானுக்கு அறுபத்திரண்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கணவர் எப்போதோ கொலராடோவுக்குப் போனவர், போனவர்தான். சனிக்கிழமைகளில் அவள் மைதானத்தில் சங்கிலி பிடிப்பாள். இரண்டு கம்புகளுக்கு நடுவே பத்து கெஜச் சங்கிலி. பந்து அவ்வளவு தூரம் போயிற்றா என்று அதை வைத்துத்தான் அளப்பார்கள். கல்லூரிச் சம்பளக்காரர்கள் செய்யும் வேலையல்ல அது, ஊர்க்காரர்கள் மானத்துக்காகச் செய்வது. இருபத்தாறு வருடமாக அவள் ஊன்றிய கம்பை யாரும் சந்தேகப்பட்டதில்லை. சொந்த ஊருக்காக ஒரு விரற்கடை நகர்த்தியவள் இல்லை என்று ஆற்றுக்கு அக்கரை அயோவாக்காரர்களே சொல்வார்கள்.

2011 நவம்பரில் அந்த அயோவாக்காரர்களோடுதான் ஆட்டம். நாலு நொடி பாக்கி, மூன்று புள்ளி பின்தங்கல். தென்கிழக்கு மூலைக்கு எறியப்பட்ட பந்தை 84ஆம் எண் சிவப்புச் சட்டைக்காரன் எட்டிப் பிடித்துக் கோட்டோரமாக விழுந்தான். அது அவள் மகன் டேரின். வெள்ளைக் கோட்டில் கால் பட்டால் வெளியேதான், பிடித்தது செல்லாது. நடுவரை ஒரு தடியன் மறைத்திருந்தான். நடுவர் செல்லும், ஆறு புள்ளி என்று இரண்டு கையையும் தூக்கினார், ஊர் மைதானத்துக்குள் பாய்ந்தது. முதல் பருவத்திலேயே வேலை போகவிருந்த டிட்மருக்கு வேலை தங்கியது. வில்மாவின் கடைச் சுவரில் படம் ஏறியது. ஊர் எல்லையில் 'டேரின் கோசிசெக்கின் ஊருக்கு வாருங்கள்' என்று பலகை நட்டார்கள். இரண்டு வருடம் கழித்து ஜனவரியில் நெடுஞ்சாலைப் பனிக்கட்டியில் அவன் வண்டி சறுக்கியது. பலகை இருந்ததால்தான் ஊர் அவன் பெயரைத் தினமும் வாசித்தது. அந்த ஆட்டம் தோல்வியானால் பலகை போகும், படம் போகும். அப்புறம் அவன் சாலையில் செத்த இன்னொருவன், அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்தில் அவள் ஐந்தடி தூரத்தில் கம்போடு நின்றாள். கால் கோட்டில் பட்டதை அவள் பார்த்தாள். அன்று சாயங்காலம் மிளகாய்க் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வைத்துக் கொடுத்தபோது, "அம்மா, என் கால் கோட்டுல பட்டுச்சு" என்றான் டேரின். "சாப்பிடு, ஆறிடும்" என்றாள். அவன் சாப்பிட்டான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அவனுடைய வலது கால் ஷூவைக் கழுவாமல் எடுத்து வைத்தாள். அடியில் முன்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் இருந்தது. இந்த 2022 டிசம்பரில் அந்த ஷூவை அலமாரியிலிருந்து பேருந்துக்கும், பேருந்திலிருந்து கைப்பைக்கும், மறுபடி அலமாரிக்கும் மாற்றி மாற்றி வைத்தாள். எங்கே வைத்தாலும் மனசு நிற்கவில்லை.

டிசம்பர் 15 காலை நிலவரம் 60 வெற்றி, 59 தோல்வி. இன்னும் ஒன்று சாய்ந்தால் டிட்மரின் கதை முடிந்தது. மேசைக் கோடியிலிருந்து யாரோ, "எல்லாத்தையும் கிளறியாச்சு, 2011ஐ மட்டும் ஏன் விட்டு வைக்கணும்?" என்றார்கள். கஸ்தான் முதலில் வாயைத் திறந்தார். ஒரு வாக்கியத்தில் பன்னிரண்டு வருட எதிரியை ஒழித்திருக்கலாம். "கால் உள்ள இருந்துச்சு. முடிஞ்சது பேச்சு. வில்மா, காபி ஊத்து" என்றார்.

வில்மா கூஜாவை எடுத்தாள். லவான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பது. ஒரு சுற்று முடிந்தால் டேரினின் பந்து என்றென்றைக்கும் டேரினுடையது. அப்படிச் சும்மா இருந்து அவளுக்குப் பதினோரு வருடப் பழக்கம் உண்டு. கூஜா ஐந்தாவது கோப்பையைத் தாண்டும்போது கதவு மணி அடித்தது. தொப்பியில் பனியோடு கோச் டிட்மர் வந்தார். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கடைக்குள் அவர் கால் வைத்தது அதுவே முதல் தடவை. யாரிடமும் கேட்காமல் கோட்டுகளைத் தரையில் தள்ளிவிட்டு, பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். எந்த ஆட்டம் என்று கேட்டார். சொன்னார்கள். அவர் மேசையைப் பார்த்தபடி இருந்தார், கூஜா அவருக்கும் ஊற்றிவிட்டு நகர்ந்தது. கடைசிக் கோப்பை லவானுடையது. கூஜா சாய்வதற்குள் அவள் கைப்பையைத் திறந்து, ரொட்டிப் பையில் சுற்றியிருந்த ஷூவை எடுத்துக் கோப்பைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"பட்டுச்சு" என்றாள். "நான் பாத்தேன். அவனே என்கிட்ட சொன்னான். நான்தான் அவன் வாயை அடைச்சேன்."

கோச் தொப்பியைக் கழற்றினார். "என்கிட்டயும் சொன்னான்ம்மா. கூட்டத்துக்கு நடுவுல ஓடி வந்து, கோச், கோட்டுல பட்டுச்சு, சொல்லிடலாமான்னான். போய்க் குளிச்சிட்டு வா, ஃபோட்டோ எடுக்கணும்னேன்." தொப்பியை மேசையில் வைத்தார். "நான் சம்பாதிச்ச வேலையில்ல இது. அவன் முழுங்கின வார்த்தை."

"பெயிண்ட் எங்க வேணா ஒட்டும்" என்றார் கஸ். "ஷூதானே. நூறு எடத்துல மிதிச்சிருப்பான்."

"உனக்குத் தெரியும் கஸ்."

"தெரியாது லவான். தெரிஞ்சுக்கவும் மாட்டேன். கை தூக்குங்கய்யா!"

உள்ளே என்று கஸ்ஸின் கை முதலில் எழுந்தது. டிட்மரை வருடம் முழுக்கக் கரித்துக் கொட்டிய ஐந்து பேரும் பின்னாலேயே தூக்கினார்கள். வெளியே என்று லவான் தூக்கினாள், கோச் தூக்கினார். கோச்சுக்காகத் தொண்டை வற்றக் கத்திய நார்பர்ட், கண்ணைத் துடைத்துக்கொண்டே மறு கையைத் தூக்கினார். அவர் ஆட்கள் மூன்று பேரும் தூக்கினார்கள். ஆறுக்கு ஆறு. இதற்கு விதி இருக்கவில்லை. வில்மா பாதி சாய்த்த கூஜாவோடு நின்றாள்.

ஃபோன் அடித்தது. 2011 செய்தித்தாளில் தலைப்பு இருந்த இடம் வெள்ளையாகக் கிடக்கிறது என்றாள் நூலகக்காரி. அடுத்து மைதானக் காவலாளி பேசினார். லவான் உடனே வந்தால் தேவலை, வரும்போது அந்தப் பையனுடைய வலது கால் ஷூ இருந்தால் எடுத்து வரட்டும் என்றார்.

பன்னிரண்டு பேரும் மூன்று வண்டியில் போனார்கள். தென்கிழக்கு மூலையில் பனி விலகிக் கோடு தெரிந்தது. கோட்டுக்கு நாலு விரற்கடை மேலே, இருபது வயது டேரின் சிவப்புச் சட்டையோடு, பந்தை நெஞ்சில் அணைத்தபடி சாய்ந்து அந்தரத்தில் நின்றிருந்தான். இடது காலில் ஷூ இருந்தது. வலது காலில் வெறும் காலுறை. மூச்சு சீராக வந்தது, கண் கோட்டைப் பார்த்திருந்தது. காற்றடித்தால் சட்டை ஆடியது. கஸ் தொப்பியை எடுத்தார்.

லவான் பனியில் மண்டியிட்டாள். ஷூவின் அடியைக் கழுத்துத் துணியால் தேய்த்தாள். பதினோரு வருடப் பெயிண்ட், இரண்டு தேய்ப்பில் வந்துவிட்டது. காலில் மாட்டி, கயிற்றை இரட்டை முடிச்சாகக் கட்டினாள். கணுக்கால் சூடாக இருந்தது. அழுகை வந்தது, அழுதாள். பிறகு, "அவசரமில்லடா கண்ணா. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப இறங்கு" என்றாள்.

ஜனவரிக் கூட்டத்தில் கணக்கு 59க்கு 59, மேலும் முடியாத ஆட்டம் ஒன்று. தோல்வி வெற்றியைத் தாண்டவில்லை என்பதால் டிட்மரை அனுப்ப வழியில்லாமல் போயிற்று. அடுத்த பருவத்தில் நாலு ஜெயித்து ஆறு தோற்றார். கஸ் பழையபடி திட்டுகிறார், ஆனால் நடக்கிற வருடத்தை மட்டும். கோச் இப்போது வியாழக்கிழமைகளில் மேசைக்கு வருகிறார். கோட்டுகளுக்குச் சுவரில் ஆணி அடித்திருக்கிறார்கள். ஊர் எல்லைப் பலகை அப்படியே இருக்கிறது. வெளியூர் அணி வந்தால், நாணயம் சுண்டுவதற்கு முன்னால் நடுவர் இரு தலைவர்களிடமும் சொல்லிவிடுகிறார்: தென்கிழக்கு மூலையில் ஓர் ஆட்டக்காரர் ஏற்கெனவே இருக்கிறார், பந்து அவர்மேல் பட்டால் ஆட்டம் நிற்கும். அயோவாக்காரர்கள் போகும்போது அவன் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோடு போடுகிறவர் அந்த மூலைக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி, காலுக்கு அடியில் மட்டும் விட்டுவிடலாமா என்று லவானிடம் கேட்கிறார்.

"போடுங்க" என்கிறாள் அவள். "கோடு இருக்கிற எடத்துல கோடு இருக்கணும்."

அவர் போடுகிறார். பெயிண்ட் காய்கிறது. ஷூ சுத்தமாகவே இருக்கிறது.