பாவாடையின் கை சுவரில் இறுகிய மதியம்

உழவர்கரைப் பாவாடை பத்து வருடம் சுவர்களுக்குள் நுழைந்து திருடினான். 2006ஆம் ஆண்டு வைகாசியில்தான் ஒரு சுவர் முதன்முதலாக அவனைப் பிடித்துக்கொண்டது. அதுவரை எந்தச் சுவரும் அவனுக்குக் கொடியில் காயும் சேலை மாதிரி. ஆனால் திருடிய பித்தளைக் குடம் சுவருக்குள் நுழையாது என்பதால், திரும்பும்போது வாசல் வழியாக வந்து மாட்டிக்கொள்வான். சிறையிலிருந்தும் சாயங்காலம் வெளியே போய் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவான். தலைக்கணக்கு சரியாக இருந்ததால் யாரும் பெரிதுபடுத்தவில்லை. நான்காவது முறை போனபோது கொத்தனார் பயிற்சியில் சேர்த்தார்கள். ஒன்றரை வருடம் செங்கல் அடுக்கினான், கலவை போட்டான், ரசமட்டம் வைத்தான். டீக்குப் போக நேரமே கிடைக்கவில்லை.

விடுதலையான காலையில் மனைவி செல்வாம்பாள் சிறை வாசலிலேயே சொல்லிவிட்டாள்: "இன்னொரு வாட்டி உள்ள போனீன்னா, புள்ளைய தூக்கிக்கினு எங்கண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன்." சொன்னால் செய்கிறவள். அவள் வேலைக்குப் போனதும் அவன் சான்றிதழோடு மூன்று மேஸ்திரிகளைப் பார்த்தான். எங்கே கற்றான் என்று தெரிந்ததும் மூவரும் பேச்சை மாற்றினார்கள்.

ஊரே கடையடைத்துத் தூங்கும் மதியம் இரண்டு மணிக்கு, துய்மா வீதியில் பிரெஞ்சு பேசும் ஜோசெத் அம்மாள் வீட்டுச் சுவரில் இடது கையை விட்டான். முழங்கை வரை போனது. அப்போது விரல்களுக்குத் தெரிந்துவிட்டது: ஒன்றரைச் செங்கல் கனம், சுண்ணாம்புக் கட்டு. தெரிந்த நொடியே சுவர் இறுகியது.

சாப்பாட்டு அறையில் ஒரு கை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த ஜோசெத் அம்மாள் ஜன்னலைத் திறந்தார்.

"கை மட்டுந்தானா வந்திருக்கு?"

"ஆமாம்மா. மீதி இங்கதான் நிக்குது."

"திருட வந்தியா?"

"வந்தேன். ஆனா இத யாரு பூசனாங்க? உள்ள பூரா உப்பு. அடுத்த மழைக்கு உதுந்துடும்."

மூன்று கொத்தனார்களிடம் ஏமாந்தவர் அவர். மகிழ்ந்துபோய், உள்ளே இருந்த கையில் காப்பிக் கோப்பையைக் கொடுத்தார். அதை அவன் குடிக்க முடியாது என்பது பிறகுதான் உறைத்தது.

ரோந்து வந்த கான்ஸ்டபிள் சக்கரபாணி சைக்கிளை நிறுத்தினார். "இன்னாடா பாவாடை, மறுபடியுமா?"

செல்வாம்பாள் துணிமணி மூட்டை கட்டுவது பாவாடையின் மனக்கண்ணில் தெரிந்தது.

"மொசியே, அவன் என் கொத்தனார். செவுர சோதிக்கிறான்" என்றார் ஜோசெத் அம்மாள்.

சக்கரபாணி சிவப்புத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். முக்கால்வாசி ஆள் தெருவில் நிற்கும்போது என்ன வழக்கு எழுதுவது? போய்விட்டார்.

ஜோசெத் அம்மாள் உளியும் சுத்தியலும் தேடிக் கொடுக்க, பாவாடை நான்கு செங்கலைப் பெயர்த்துக் கையை மீட்டான். பொழுது சாய்வதற்குள் அடைத்துப் பூசினான். மீதிச் சுவருக்கு நாளை வரச் சொன்னார்.

எப்போதும் போல் தன் வீட்டுச் சுவருக்குள் நடந்தவன் நெற்றியில் இடித்துக்கொண்டான். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் முதல்முறையாகக் கதவைத் தட்டினான்.

"யாரு?"

"நாந்தான்."

செல்வாம்பாள் கதவைத் திறந்து, நெற்றி வீக்கத்தையும் சட்டையில் காய்ந்திருந்த சுண்ணாம்பையும் பார்த்தாள். "செவுரு என்னாச்சு?"

"வுட மாட்டேங்குது."

"நல்லதாப் போச்சு. காலக் கழுவிட்டு வா."