காட்டாத வேர்

தன் லேப்பில் சோதித்துப் பார்க்காமல் வைத்தியர் கஷாயத்தை அம்மா வாயில் வைக்கக் கூடாது என்று ஷைஜா ஒற்றைக்காலில் நின்றாள். நல்ல காரியம்தான். படித்த பிள்ளை வேறு எப்படிப் பேசும்?

அம்மா சத்தியபாய்க்கு முழங்கால் வலி. சர்ச்சில் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நிற்கும்போது அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள். அது அவளுக்குப் பெரிய வெட்கம். குலசேகரத்து ஜெயசிங் வைத்தியரின் கஷாயம் குடித்து நாலுபேர் நடந்ததைக் கண்ணால் கண்டிருந்தாள். "ஏட்டி, உனக்க சோதனை முடியதுக்கு முன்ன நான் தவழ ஆரம்பிச்சிருவேன்," என்று தினமும் முணுமுணுப்பு.

வைத்தியர் கோபப்படுவார் என்று பயந்து போனால், மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தாராளமா சோதிச்சுக்கோ மக்கா. நல்லதுன்னா ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தா." சோதனைக்கென்று தனியாகக் காய்ச்சி, புட்டியில் அடைத்து, அவரே பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மரியாதையில்தான் ஷைஜா விழுந்தாள்.

கல்லீரல் செல்களைக் குழித்தட்டில் வளர்த்து, குழிக்குக் குழி அளவைக் கூட்டிக் கஷாயத்தை விட்டாள். உயிருள்ள செல் சோதனைச் சாயம் பட்டால் ஊதாவாகும், செத்தது ஆகாது. மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும் தட்டு முழுக்க ஊதா. 'நச்சுத்தன்மை காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அம்மாவுக்கென்று வைத்தியரிடம் வாங்கிவந்த புட்டியிலிருந்து முதல் டம்ளரைத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தாள், பாவி.

ஐந்தாவது வாரம் சத்தியபாயின் கண் மஞ்சளித்தது. கல்லீரல் போய்விட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். பதினோராம் நாள் கல்லறைத் தோட்டத்தில் கொண்டு வைத்தார்கள்.

மறுவாரம், அம்மா குடித்து மிச்சம் வைத்த புட்டியை ஷைஜா லேப்புக்கு எடுத்துப்போனாள். அதே செல், அதே அளவு. ஒரு குழிகூட ஊதாவாகவில்லை. இந்தப் புட்டியிலிருந்து அன்றைக்கே ஒரு கரண்டி எடுத்திருந்தால் போதுமே! தோன்றவில்லையே, நாசமாய்ப் போன படிப்பு!

குலசேகரத்துக்கு ஓடினாள். "எனக்குத் தந்ததுல என்னத்தக் குறைச்சிய, வைத்தியரே?"

"கடைசியா போடுற வேரு," என்றார் அவர், மறைக்காமல். "அத எவனுக்காவது காட்டுவேனா? எங்கப்பன் சாகக் கெடக்கும்போதுதான் எனக்கே காட்டினாரு. உங்க லேப்புக்குத் தந்தா நாளைக்கு ஊரே மலையேறிப் பறிச்சுரும். உனக்க அம்மைக்கு ஆயுசு அவ்வளவுதான் மக்கா."

ஷைஜா நிமிர்ந்து பார்த்தாள். அவர் தலைக்குமேல் சுவரில் அவள் எழுதிக்கொடுத்த தாள், லேமினேட் செய்து தொங்கியது. கீழே பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் கையில் புதுப் புட்டி இருந்தது. ஷைஜா அதை எட்டிப் பிடித்தாள்.

"குடிக்காதீங்க! இதக் குடிச்சுதான் எனக்க அம்மை செத்தா!"

அந்த அம்மாள் வெடுக்கென்று புட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டாள். சுவரிலிருந்த தாளை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"பேப்பர்ல அப்படி இல்லியே மக்கா," என்றாள். "படிச்ச பிள்ளை ஒண்ணு பாத்துக் கையெழுத்து போட்டிருக்கே."