வக்கீலுக்குத் தெரியாத பொம்பளை

மயிலாப்பூரில் தங்கம் குடியிருந்த குறுகலான சந்தினைப் பற்றிப் பேசும்போது ஊரார் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அங்கே இருந்தவை ஒரு காலத்தில் கோயிலில் ஆடிய பெண்களின் வீடுகள். பெண்களைக் கோயிலுக்கென்று பொட்டுக்கட்டுவதைச் சட்டம் நிறுத்திய பின் பாதி வீடுகள் கைமாறின. சிலவற்றைப் புரோக்கர்கள் எடுத்து, பெண்களை வைத்துத் தொழில் நடத்தினார்கள். தங்கத்தின் அம்மா ஆடியவள். தங்கம் பாடினாள், நாட்டியத்துக்குப் பாடும் பதங்களைச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள். ஆழ்வார்பேட்டை வக்கீல் கணேசமூர்த்தியின் மகள் மீனாட்சி அவளிடம்தான் கற்றாள். அவளுக்கு டிசம்பரில் சபாவில் அரங்கேற்றம் வைத்திருந்தார்கள்.

எழுபத்திரண்டாம் வருஷம், ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் சந்துக்குள் போலீஸ் வேன் வந்தது. எந்த வீடு, யார் என்று பார்க்கவில்லை. அகப்பட்ட பெண்களையெல்லாம் ஏற்றினார்கள். வாசலில் நின்றிருந்த தங்கத்தையும் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஸ்டேஷனில் அவள் வக்கீலின் பெயரைச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் போன் போட்டுப் பேசினார். வைத்துவிட்டுச் சிரித்தார்.

"உன்னை யாருன்னே தெரியாதாம்."

தங்கத்துக்கு அழுகை வரவில்லை. காது மடல் கொதித்தது.

மறுநாள் கோர்ட்டில் மற்ற பெண்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு அது பழக்கம்தான், அபராதத்தோடு வீட்டுக்குப் போய்விடலாம். தங்கம் ஒப்புக்கொள்ளவில்லை.

"நான் இவங்கள மாதிரி பொம்பளை இல்லீங்க" என்றாள் உரக்க.

உனக்குச் சாட்சி உண்டா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். யாரும் இல்லை. அபராதம் கட்டிவிட்டு வாசல்வரை போய்விட்ட நஸ்ருன்னிசா திரும்பி வந்தாள். தங்கத்தின் பக்கத்து வீட்டுக்காரி, தொழில் செய்பவள்.

"ஐயா, நான் தொழில் பண்றவ, மறைக்கல. இந்தம்மா பாட்டு சொல்லிக் குடுக்கறவங்க. செவுத்துக்கு இந்தாண்ட இருந்து தெனம் கேட்டுக்கினு கீறேன். இவங்கள வுட்டுடுங்க."

தங்கத்தை விட்டார்கள். வெளியே வந்ததும் நஸ்ருன்னிசா டீ வாங்கிக் கொடுத்தாள். தங்கம் கோர்ட்டில் சொன்னதை அவள் பேச்சில் எடுக்கவே இல்லை. தங்கம் டீயைப் பாதியில் வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் வக்கீலின் குமாஸ்தா வந்தார். மீனாட்சிக்கு இன்னும் கொஞ்சம் பாடம் பாக்கி, இனி வக்கீல் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும், பின்கட்டு வழியாக வந்தால் நல்லது என்றார். தங்கம் அன்றைக்கே போனாள், முன்வாசல் வழியாக. கூடத்தில் வழக்கு விஷயமாக வந்த கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"போலீஸ் கேட்டப்போ என்னைத் தெரியாதுன்னீங்க. இப்ப யாருக்கு ஆள் அனுப்பினீங்க?"

கணேசமூர்த்தி எழுந்து, உள்ளே போய்ப் பேசலாம் என்றார். தனக்கும் குடும்பம், மானம் எல்லாம் உண்டு, புரிந்துகொள்ளக் கூடாதா என்று கெஞ்சுவதுபோல் முணுமுணுத்தார்.

"எனக்கும் மானம் கீது. என்னை இன்னார்னு இவங்க முன்னாடி சொல்லுங்க. நாளைக்கே வந்து பாடம் சொல்றேன்."

அவர் உள்ளறைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாடிப்படியில் நின்ற மீனாட்சியைத் தங்கம் பார்த்தாள். மீனாட்சி தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை நாள் தங்கத்தின் மடிமேல் கைவைத்துத் தாளம் போட்டுக் காட்டிய பெண். தங்கம் முன்வாசல் வழியாகவே வெளியே வந்தாள்.

டிசம்பரில் அரங்கேற்றம் நடந்தது. தங்கமும் நஸ்ருன்னிசாவும் சபாவுக்கு வெளியே ரோட்டோரம் நின்றார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெரியவர் பேசினார். சாக்கடையில் கிடந்த கலையைக் கழுவி எடுத்து, நல்ல குடும்பத்துப் பெண்கள் காப்பாற்றிவிட்டார்களாம். உள்ளே கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

தங்கம் சபா வாசலைப் பார்த்து நடந்தாள். உள்ளே போய் அந்த மைக்கைப் பிடுங்கி எறியப் போகிறேன் என்றாள். நஸ்ருன்னிசா அவள் முழங்கையைப் பிடித்தாள். போனால் மறுபடி வேன்தான் வரும் என்றாள்.

தங்கம் அவள் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "அந்தாளு பேசினதுதான் நானும் கோர்ட்ல பேசினேன். உன்ன பக்கத்துல வெச்சிக்கினே."

"ஆமா" என்றாள் நஸ்ருன்னிசா. "அப்ப உன்மேல பத்திக்கினு வந்திச்சி. இன்னும் ஆறல."

தங்கம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் செய்த தப்பு மலிவாகிவிடும் என்று தோன்றியது. இருவரும் கோயில் குளக்கரையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். ஒருத்தி கையை ஒருத்தி விடவில்லை.