முகட்டுப் பாதைக்கு இரண்டு வண்டி

"முகட்டுப் பாதைதான், எழுதிக்கோங்க. முப்பத்தெட்டு கிலோமீட்டர், கறுப்புக் கோடு—"

"எழுதாதீங்க. ஏரிக்கரைப் பாதை. பன்னிரண்டு கிலோமீட்டர், பச்சைக் கோடு—"

"நான் பேசிட்டிருக்கேன்ல?"

"நீ பேசி முடிக்கிறதுக்குள்ள அவர் எழுதி முடிச்சிடுவாரே!"

"எழுதட்டுமேடா. அதுக்குத்தானே வந்திருக்கோம்?"

சைக்கிள் வாடகைக் கடைக்காரர் பேனாவை மூடிக் காதில் செருகிக்கொண்டார். கோடை விடுமுறை தொடங்கினால் அவருக்கு இது தினப்படி காட்சி. புருஷன் பெண்டாட்டி, அப்பா மகன், கூட்டாளிகள் என்று எல்லாரும் அவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் எந்தப் பாதை என்று அடித்துக்கொள்வார்கள். ஆனால் ஐம்பத்தேழு வயது அக்காவும் ஐம்பத்து மூன்று வயதுத் தம்பியும் அடித்துக்கொண்டு அவர் பார்த்ததில்லை. அதுவும் அக்கா செங்குத்துப் பாதையைக் கேட்க, தம்பி குழந்தைகள் ஓட்டுகிற பாதையைக் கேட்க!

"நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கம்மா. பாதைக்குத் தகுந்த மாதிரிதான் வண்டி. ஏரிக்கரைன்னா முன்சக்கரத்துக்கு மட்டும் சாக் அப்சர்பர் இருந்தாப் போதும். முகடுன்னா முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் வேணும்."

"ரெண்டுலயும் இருக்கிறதையே எடுங்க," என்றாள் அக்கா.

"மோட்டார் வெச்ச சைக்கிள் இருக்கா?" என்றான் தம்பி.

"மோட்டாரா? அதுக்கு நான் பஸ்லயே போய் இறங்கிடுவேனே!"

"உன் முட்டிக்குத்தான்க்கா சொல்றேன். காலையில லாட்ஜ் மாடிப்படி ஏறும்போது பார்த்தேன், கைப்பிடியை விடாமப் புடிச்சுக்கிட்டு ஏறுற."

"கைப்பிடி எதுக்குடா வெச்சிருக்காங்க, வேடிக்கை பார்க்கவா? லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படி ஏறுறதைப் பத்தி என்னடா தெரியும்?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். தம்பியும் சிரித்தான். ஆனால் சுவரில் மாட்டியிருந்த மலைப் படத்தில் பச்சைக் கோட்டின் மேல் வைத்த விரலை மட்டும் அவன் எடுக்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பைத்தியத்தைக் கிளப்பிவிட்டதே அவன்தான். யாரிடமோ பழைய மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கிவந்து நிறுத்தினான். கேலி பண்ணப் போன அக்கா, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். முதல் கோடையில் இருவரும் இங்கே வந்து ஏரியைச் சுற்றினார்கள். அடுத்த கோடையில் காட்டுக்குள் போகிற நீலக் கோடு. இறங்கி வரும்போது சேறு அப்பிய முகத்தோடு அவன் மலை முகட்டைக் காட்டி, "அடுத்த வருஷம் அதுக்கா, அது!" என்றான்.

அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. வரவிடாமல் செய்தது அக்கா. அவள் வைத்திருப்பது நான்கு மெஷின் போட்ட தையற்கடை. வருஷம் முழுக்க ஜாக்கெட்டும் திரைச்சீலையும் தைத்தாலும், சோறு போடுவது பள்ளிக்கூடச் சீருடை. பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டால் அவளுக்கு வேலை தொடங்கும். ஒவ்வொரு கோடையிலும் அவன் போன் பண்ணுவான். ஒவ்வொரு கோடையிலும் மெஷினை நிறுத்தாமலே அவள் சொல்வாள்: "சீசன் முடியட்டும்டா." சீசன் முடியும்போது மழை பிடித்துக்கொள்ளும், மலையில் பாதையை மூடிவிடுவார்கள். இப்படியே நான்கு வருஷம்.

இந்த வருஷம்தான் முதல் முறையாக, வந்த சீருடை ஆர்டரை அப்படியே பக்கத்துத் தெரு டெய்லரிடம் தள்ளிவிட்டுப் புறப்பட்டிருந்தாள். பாதையை அவளே குறித்தாள், கடைக்கு அவளே போன் பண்ணினாள், இரண்டு பேருடைய உயரம், எடை எல்லாவற்றையும் அவளே சொல்லிப் பதிந்தாள். அப்படிச் செய்துவிட்டு வந்தவளிடம் போய் ஏரிக்கரை என்றால்?

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"டேய், இங்க பாரு. நாலு வருஷமா தள்ளிப் போட்டது நான்தான். ஒத்துக்கிறேன். அதுக்காக இப்போ பழி வாங்குறியா?"

"சேச்சே, என்னக்கா நீ!"

"பின்னே என்ன? இந்த முகடு முகடுன்னு என் உயிரை எடுத்தவன் நீதானே? இன்னைக்கு நான் வர்றேன்னு வந்து நிக்கிறேன், நீ குட்டிப் பசங்களோட ஏரியைச் சுத்தலாங்கிற. நான் என்ன, அப்படி வேண்டாதவளாப் போயிட்டேனா?"

தம்பி படத்திலிருந்து விரலை எடுத்தான். அவளைப் பார்த்தான், கடைக்காரரைப் பார்த்தான்.

"சரி, எழுதுங்க சார். முகடே எழுதுங்க."

"அப்படிச் சொல்லு!" அக்கா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். காற்றுக்காகப் போடுகிற தொளதொளச் சட்டைக்குள் அவன் கொஞ்சம் தடுமாறினான். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோதே அவள் கவனித்திருந்தாள், வாயாரப் பாராட்டவும் செய்திருந்தாள்: "பரவால்லியே, தொப்பையெல்லாம் கரைச்சுட்டியே! மலை ஏற உடம்பைத் தயார் பண்ணியிருக்கான் பாரு!" அவனும், "ஆமாக்கா, கரைஞ்சிடுச்சு," என்றிருந்தான்.

கடைக்காரர் உள்ளே போய் இரண்டு வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அக்காவுக்குச் சின்னது, சாம்பல் நிறம். தம்பிக்குப் பெரியது, ஆரஞ்சு. சீட்டைத் தூக்கி, பிரேக்கை அழுத்திப் பார்த்து, அக்காவை ஏற்றி உட்கார வைத்தார். "இறங்குங்கம்மா." குனிந்து பார்த்தார். "கச்சிதம்!"

"என்ன கச்சிதம்?"

"இந்த சாக் அப்சர்பருக்குள்ள காத்துதாம்மா இருக்கு. ஆளோட எடைக்குத் தக்கபடி அடிச்சு வெச்சிருக்கேன். இதோ, இந்தத் தண்டுல ரப்பர் வளையம் தெரியுதா? நீங்க உட்கார்ந்தா வளையம் தள்ளிப் போகும். கால்வாசி தூரம் போனா சரியான காத்து. அதுக்கு மேல போனா வண்டி கல்லுல இடிக்கும், போகலேன்னா ஆளைத் தூக்கி எறியும். சார், நீங்க ஏறுங்க."

தம்பி ஏறினான். உட்கார்ந்தான். இறங்கினான்.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். வளையம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"நல்லா உட்கார்ந்தீங்களா சார்?"

"உட்கார்ந்தேனே."

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் வளையம் ஒரு நெல் அளவுதான் நகர்ந்தது. கடைக்காரர் பம்பின் முள்ளைப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "எண்பத்து நாலு கிலோன்னு சொல்லியிருக்கீங்க. எண்பத்து நாலுக்குத்தான் அடிச்சிருக்கேன்."

"அவன் எண்பத்து நாலுதான்," என்றாள் அக்கா. "எனக்குத் தெரியாதா!"

"பம்பு கோளாறா இருக்கும் சார்," என்றான் தம்பி.

"அம்மாவுக்கும் இதே பம்புதான் சார்."

"அப்போ வண்டி கோளாறு."

"காலையில ஒருத்தர் ஓட்டிட்டு வந்து விட்ட வண்டி சார் இது." கடைக்காரருக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. மேஜைக்கு அடியிலிருந்து எடை பார்க்கிற மெஷினைக் காலாலேயே இழுத்துப் போட்டார். "கோவிச்சுக்காதீங்க. இறக்கத்துல ஆளைத் தூக்கி எறிஞ்சா என் கடைப் பேருதான் கெடும். ஒரு நிமிஷம் ஏறிடுங்க."

"எதுக்கு சார் அதெல்லாம்? காத்தைக் கொஞ்சம் இறக்கிவிடுங்க, போதும்."

"எவ்வளவு இறக்கணும்னு தெரியணுமே!"

"ஏறேன்டா," என்றாள் அக்கா சிரித்துக்கொண்டே. "பொண்ணு பார்க்க வந்த மாதிரி வெட்கப்படுற! இளைச்சிருக்க, அவ்வளவுதானே? எழுபத்தெட்டு இருக்குமா? ஏறு, பார்த்துடலாம்."

அவன் ஏறினான். கீழே பார்க்கவில்லை. நேரே சுவரில் தொங்கிய கையுறைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எண்கள் ஓடி நின்றன. கடைக்காரர் வாய்விட்டுப் படித்தார்.

"அறுபத்தொண்ணு. ஷூவோட."

அக்கா மெஷினைப் பார்த்தாள். பிறகு அவனை மேலிருந்து கீழே பார்த்தாள், காலையிலிருந்து ஒரு முறையும் பார்க்காத மாதிரி. தெருவில் போகிற யாரையும் ஒரு பார்வையில் மார்பு இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று சொல்லிவிடுகிற கண் அவளுடையது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் போனில் எண்பத்து நாலு என்று சொல்லியிருந்தாள்.

"எப்படிடா?"

"குறைஞ்சிடுச்சுக்கா."

"இருபத்து மூணு கிலோ தானாக் குறையுமா?"

கடைக்காரருக்குத் திடீரென்று உள்ளே ஏதோ வேலை வந்துவிட்டது. ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

"போன வருஷம் சின்ன ஆபரேஷன்னு சொன்னேனேக்கா."

"சின்னதுன்னுதானே சொன்னே!"

"சின்னதுன்னு சொல்லித்தான் உள்ள போனாங்க. போய்ப் பார்த்துட்டுப் பெருசாக்கிட்டாங்க. குடல்ல ரெண்டடி எடுத்தாச்சு." அவன் சிரிக்கப் பார்த்தான். "ஒரு மாடியை மூடிட்டாங்கன்னு வெச்சுக்கோயேன். மத்த மாடிக்கெல்லாம் லிஃப்ட் ஓடுது."

"வாயை மூடு. எத்தனை நாள் படுத்திருந்த?"

"ஆறு வாரம்."

"ஆறு வாரமா? தனிக்கட்டை நீ, பக்கத்துல யாருடா இருந்தாங்க?"

"பக்கத்து வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டார். அப்புறம் நர்ஸுங்க இருந்தாங்க. நல்ல மனுஷங்கக்கா எல்லாரும்."

அக்கா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அடுக்கியிருந்த ஹெல்மெட்டுகளில் ஒன்று உருண்டு விழுந்தது. இருவருமே அதை எடுக்கவில்லை.

"இப்போ டாக்டர் என்ன சொல்றார்?"

"சமமான ரோட்டுல ஓட்டலாமாம். ஏத்தம் கூடாதாம். இந்த வருஷம் கூடாதா, எந்த வருஷமும் கூடாதான்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"பேப்பரைத் திருப்பிப் பார்த்தார்."

"இதை வெச்சுக்கிட்டா முகடுன்னு எழுதச் சொன்ன? நடுவழியில விழுந்திருந்தா?"

"நீ சீருடையையே விட்டுட்டு வர்றேன்னு சொன்னியேக்கா. இத்தனை வருஷத்துல முதல் தடவை. அன்னைக்குப் போன்ல உன் குரல் எப்படி இருந்தது தெரியுமா? அதைக் கேட்டப்புறம் எப்படி வேணாம்னு சொல்றது? இங்க வந்து ஏதாவது சொல்லி, ஏரிப் பக்கம் திருப்பிடலாம்னு பார்த்தேன். உன் முட்டி கை கொடுக்கும்னு நினைச்சேன்."

"என் முட்டி நல்லாத்தான்டா இருக்கு," என்றாள் அக்கா.

இருபத்து மூன்று கிலோ என்பது எவ்வளவு என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கிலோ அவளுடைய கணக்கு இல்லை. அதை இஞ்சாக மாற்றிப் பார்த்தாள். மாற்றியதும், போன வருஷம் சீசன் உச்சத்தில் கூரியரில் வந்த ஒரு பொட்டலம் நினைவுக்கு வந்தது. கருநீல நிறத்தில் அவனுடைய வேலைப் பேன்ட் இரண்டு. இடுப்பில் குண்டூசியால் ஒரு சீட்டுக் குத்தியிருந்தது: "நாலு இஞ்ச் குறைக்கணும். அவசரமில்லை."

முந்நூறு பாவாடை வெட்டிப் போட்டிருந்த மேஜையில் அவற்றை வைக்க இடமில்லை. கடையில் தைக்கிற பெண்களிடம் கொடுக்காமல் அவளே எடுத்துப் பிரித்தாள். ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் என்றால் பின்பக்கத் தையலில் பிடித்துவிடலாம். நாலு இஞ்ச் பிடித்தால் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாக்கெட்டுகளைப் பிரித்தெடுத்து, தள்ளி வைத்துத் தைத்து, பெல்ட் பட்டியை வெட்டி மறுபடி சேர்த்து, இரண்டு பேன்ட்டுக்கும் ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. "புதுசு வாங்கித் தொலைக்கிறதுக்கு என்னவாம் இவனுக்கு?" என்று கடைப்பெண்களிடம் எரிந்து விழுந்தாள். அதையே சீட்டின் பின்பக்கம் எழுதி அனுப்பினாள்: "அடுத்த தடவை புதுசா வாங்கிக்கோ."

நாலு இஞ்ச். தன் கையால் டேப் வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரித்த துணியைக் குப்பைக் கூடையில் போட்டாள். வேறு எவன் கொண்டுவந்து கொடுத்திருந்தாலும், "என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்று வாய் தானாகக் கேட்டிருக்கும். வாடிக்கைக்காரர்களிடம் கேட்பாள். கேட்காமல் அவள் யாருக்கும் இடுப்பைக் குறைத்ததில்லை.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏரிக்கரை எழுதுங்க," என்றாள் அக்கா. "பச்சைக் கோடு. ரெண்டு பேருக்கும் சாதா வண்டி போதும்."

"முகட்டுல இப்போ பனி நிறைய இருக்கும்மா. ஏரிதான் நல்லது," என்றார் அவர், கேட்காமலே. ஆரஞ்சு வண்டியைச் சாய்த்துப் பிடித்து சாக் அப்சர்பரின் மூடியைத் திறந்தார். காற்று உஸ்ஸென்று வெளியே போயிற்று. பிறகு அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

தம்பி குனிந்து ஹெல்மெட்டை எடுத்துத் தூசி தட்டி அடுக்கில் வைத்தான். குனிந்தபோது அவன் சட்டை மேலே ஏறியது. கருநீலப் பேன்ட். பெல்ட் பட்டியில் அவளுடைய தையல். அதற்கு மேல் பெல்ட்டில் ஆணியால் போட்ட புது ஓட்டை, அதற்கும் உள்ளே இன்னொன்று.

"எந்த மாசம்டா அட்மிட் ஆன?"

"எதுக்குக்கா இப்போ அது?"

"சொல்லு."

"நீ பேன்ட்டைத் திருப்பி அனுப்பினியே, அது வந்து பத்து நாள் இருக்கும்."

"அப்போ எனக்கு அனுப்பும்போதே உனக்குத் தெரியும்."

"ஏதோ சரியில்லைன்னு தெரியும். பயமா இருந்தது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா? அந்தச் சீட்டுலயாவது எழுதியிருக்கக் கூடாதா? நான் என்ன, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்திருக்க மாட்டேனா?"

தம்பி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். கோபமில்லாமல், கடைக்கு வந்தவரிடம் விலை சொல்கிற மாதிரி, மெதுவாகத்தான் சொன்னான்.

"பேன்ட் புடிக்க எங்க தெருவுலயே மூணு டெய்லர் இருக்காங்கக்கா. ஏன் இவ்வளவு குறையுதுன்னு நீ கேப்பேன்னுதான் உனக்கு அனுப்பினேன்."