கூலி என்று சொன்னேன்

என் மகள் செல்வநாயகிக்கு ரத்தம் ஊறவில்லை. எட்டு மாதமாக விருத்தாசலத்தில் ஒரு டாக்டர் இரும்புச்சத்து மாத்திரையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாத்திரைதான் தீர்ந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. வாயெல்லாம் புண். பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்தாள். மூன்று தடவை ரத்தம் ஏற்றினோம். ஏற்றியது இருபது நாள்கூட நிற்கவில்லை.

பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. அங்கே வெண்மதி என்று ஒரு டாக்டரம்மா. முப்பது வயதுதான் இருக்கும்.

"இடுப்பெலும்புல ஊசி போட்டு, உள்ள இருக்குற மஜ்ஜைய எடுத்துப் பாக்கணும். ரத்தம் ஊறுறது அங்கதான்" என்றார்.

"எடுத்தா காலு வெளங்காமப் போயிடும்னாங்களே?"

"யாரு சொன்னது?"

"பஸ்ஸுல சொன்னாங்க."

"பஸ்ஸுல டிக்கெட்டு மட்டும் வாங்குங்க, பெரியவரே."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் செல்வநாயகி சிரித்துவிட்டாள். சிரித்தபடியே கையெழுத்தும் போட்டாள். நான் வெளியே நின்றேன். உள்ளே அவள் துண்டைக் கடித்துக்கொண்டு முனகியது எனக்குக் கேட்டது.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். "ரத்த அணு பொறக்குற செல்லுல குமிழி குமிழியா ஓட்டை இருக்குது" என்றார் டாக்டரம்மா. "இது மஜ்ஜை தானாவே கெட்டுப்போற நோயா இருக்கலாம். பின்னால புற்றுநோயாக்கூட மாறும். ஆனா அந்த ஓட்டையும் இவங்க காலு மரத்துப்போனதும் எனக்கு இடிக்குது. அதனால நோய்க்கு இன்னும் பேரு எழுதல. இவங்க குடிப்பாங்களா?"

"எம் பொண்ணப் பாத்து என்னா கேக்குறீங்க?" என்று எழுந்துவிட்டேன்.

"ஓட்டையப் பாத்துக் கேக்குறேன். உக்காருங்க. என்னா வேலை செய்யிறாங்க?"

"கூலி."

"எல்லாச் சீட்டுலயும் கூலின்னுதான் இருக்குது. கரும்பு வெட்டுறதும் கூலி, கல்லு ஒடைக்கிறதும் கூலி. இவங்க எது?"

எங்கள் ஊரில் செராமிக் வேலைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். மண் பிசைகிறவனும் கூலி, சூளை அடுக்குகிறவனும் கூலி. வேலை செய்கிற இடத்தைச் சொன்னால் எவனாவது ஆபீசர் வருவான், முதலாளி நம்மை நிறுத்திவிடுவார். முப்பத்தைந்து வருடம் சூளை அடுக்கிய நான்தான் அதை மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எவன் கேட்டாலும் கூலி என்று சொல், அதற்கு மேல் வாயைத் திறக்காதே என்று. அவளும் இந்த எட்டு மாதம் வாயைத் திறக்கவே இல்லை.

இப்போதும் என் முகத்தைத்தான் பார்த்தாள். எனக்குச் செவிட்டில் அறைந்தது போல இருந்தது.

"வெள்ளைப் பொடியக் கரைச்சு செராமிக் பொம்மைக்குக் கண்ணு எழுதுது" என்றேன்.

"எங்க, எழுதிக் காட்டுங்க" என்று டாக்டரம்மா பேனாவை நீட்டினார்.

செல்வநாயகி வாங்கினாள். வாங்கிய கையோடு பேனா முனையை நாக்கில் வைத்தாள்.

"எதுக்கு வாயில வச்சீங்க?"

"பிரஷ்ஷுன்னு நெனச்சுட்டேங்க. எச்சி பட்டாத்தான் முனை கூரா வரும். எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம்."

"ஒரு நாளைக்கு எத்தினி பொம்மை?"

"எரநூறு. பதினொரு வருசமா."

டாக்டரம்மா பேனாவைத் திரும்ப வாங்கி மூடினார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த வெள்ளை என்னான்னு எனக்குத் தெரியணும். மூட்டையில எழுதியிருக்கும்" என்றார்.

மறுநாள் காலையிலேயே மகள் வேலை செய்கிற பொம்மை யூனிட்டுக்குப் போனேன். முதலாளி கலியமூர்த்தியை அவன் டவுசர் போட்ட காலத்திலிருந்து எனக்குத் தெரியும்.

"மூட்டை பேரு ஒனக்கு எதுக்கு, பெருசு? கேஸு போடப் போறியா? பொம்பளைங்கள நானா நக்கச் சொன்னேன்?"

"நக்காதீங்கன்னு சொன்னியா?"

அவன் கணக்கு நோட்டைப் புரட்டினான். நான் கொட்டகைக்குள் போய், எழுத்து இருந்த பக்கத்தை மூட்டையிலிருந்து கத்தியால் அறுத்தேன். வெள்ளைப் பொடி காலில் கொட்டியது.

"போலீசுல சொல்லுவேன்!"

"சொல்லு. பேரு பச்சமுத்து, சூளை அடுக்குனவன்னு எழுதச் சொல்லு. கூலின்னு எழுதினா ஒத்துக்க மாட்டேன்."

அந்தத் துண்டைப் படித்ததுமே டாக்டரம்மா புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பத்து நாளில் முடிவு வந்தது. வெள்ளையில் இருந்தது துத்தநாகம். அது வயிற்றுக்குள் அதிகமாகப் போனால் உடம்பு செம்பைச் சேர்க்காதாம். செம்பு இல்லாவிட்டால் மஜ்ஜை வேலை செய்யாதாம். மகள் உடம்பில் செம்பு இல்லவே இல்லை என்கிற அளவுக்குத்தான் இருந்தது.

"அப்ப புற்றுநோயி?"

"இல்ல. செம்புதான் மருந்து. இனி பிரஷ்ஷு வாயில படக்கூடாது. ரத்தம் திரும்பிடும். காலு முழுசா திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது."

முடியாது என்று சொன்னார் பாருங்கள், அப்போதுதான் அந்த அம்மாவை நம்பினேன்.

ஆறு வாரத்தில், ரத்தம் ஏற்றாமலே அவள் ரத்த அளவு ஆறிலிருந்து பத்துக்கு வந்தது. பாதம் இன்னும் மரமரப்பாகத்தான் இருக்கிறது.

யூனிட்டில் இன்னும் ஒன்பது பெண்கள் கண் எழுதுகிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் போய் நடுவில் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். "யாருக்குப் பாதம் மரத்துப்போவுது?" என்று கேட்டேன். எல்லோரும் கலியமூர்த்தியின் ரூமைத் திரும்பிப் பார்த்தார்கள். சிந்தாமணி மட்டும் மெல்லக் கையைத் தூக்கினாள். அப்புறம் இன்னொருத்தி.

திங்கட்கிழமை ரத்தம் சோதிக்க ஒன்பது பேரையும் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றினேன். கலியமூர்த்தி பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டான். ஜன்னல் ஜன்னலாகத் தட்டினான். ஒருத்தியும் இறங்கவில்லை.

"வெள்ளிக்கெழம ஆர்டரு போவணும், பெருசு! கண்ணு யாரு எழுதுறது?"

படிக்கட்டில் நின்று குனிந்து சொன்னேன்.

"குருடாவே அனுப்பு!"

கண்டக்டர் விசில் ஊதினார்.