பதினோராவது கேள்வி

அண்ணன் தருமனின் கையில் குத்தியிருந்த ஊசியை அன்புச்செல்வி மெதுவாக உருவி எடுத்தாள். ரத்தம் வரவில்லை. வராது என்று தெரிந்தும் பழக்கத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். காலை எட்டே முக்காலுக்கு அண்ணனின் மூச்சு நின்றுபோயிருந்தது. ஐந்து மாதமாக வயிற்றில் புற்றுநோய்.

அண்ணி காசியம்மாள் கால்மாட்டில் சுருண்டு கிடந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அன்புச்செல்விக்கு அழுகை வரவில்லை. ஓரிடத்தில் நிற்கவும் முடியவில்லை. மருந்துப் புட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டாள். மறுபடி எடுத்து ஒவ்வொன்றாகப் பெயரைப் படித்தாள். கையைக் கழுவினாள். இன்னொரு முறை கழுவினாள்.

அண்ணனோடு ஆட்டோ ஓட்டிய மூர்த்தி வாசலிலிருந்து கூப்பிட்டான்.

"செல்வி, மாலை வாங்க டவுனுக்குப் போறேன். உன் ஃபாரத்தக் குடு, கூரியர்ல போட்டுடறேன். இன்னிக்குத்தான அனுப்பக் கடைசி நாளு? பௌர்ணமி வேற, மத்தியானத்துக்கு மேல கிரிவலப் பாதையில வண்டிய உட மாட்டாங்க."

"இப்பவாண்ணா?"

"ரெண்டு நாளா அவன் அதையேதாம்மா சொல்லிக்கினு இருந்தான்."

உள்ளறைக்குப் போய் எடுத்தாள். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் நர்ஸ் வேலைக்கான விண்ணப்பம். படுக்கையில் கிடந்தபடியே தருமன் நிரப்பியது. அவள் கையெழுத்துப் போட்டால் போதும். பதினோராவது கேள்வி: முன்பு வேலை பார்த்த இடத்தில் உங்கள்மேல் விசாரணை நடந்ததா? அதற்கு நேராக ஆங்கிலத்தில் 'நோ' என்று எழுதியிருந்தான்.

நடந்தது. மூன்று வருஷத்துக்கு முன் வேலூரில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். பதினான்காம் கட்டிலுக்குப் போடவேண்டிய இன்சுலினைப் பதினைந்தாம் கட்டில் பெரியவருக்குப் போட்டுவிட்டாள். அவருக்கு வியர்த்துக் கொட்டியதும்தான் புரிந்தது. அவளே ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னாள். குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். ஒரு மாதம் விசாரணை, முடிவில் எச்சரிக்கைக் கடிதம். வேலையை விட்டு வந்தவள் அண்ணனிடம் மட்டும் சொன்னாள்.

"ஆளு பொழச்சிட்டாரு இல்ல? அப்புறம் இன்னாத்துக்கு அதப் போயி எழுதற?" என்று போன வாரம்கூடச் சண்டை போட்டான்.

பேனாவைத் திறந்தாள். அந்த இரண்டு எழுத்தும் நடுங்கிச் சாய்ந்திருந்தன. அதற்குப் பிறகு அவன் எதுவும் எழுதவில்லை. பேனாவை மூடினாள்.

"செல்வி."

காசியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காலையில வலிக்கு ஊசி போட்டியே. சரியாத்தான போட்ட?"



"சரியாத்தான் போட்டேன் அண்ணி. மூணு வாட்டி பாத்துட்டுத்தான் போட்டேன்."

அண்ணி தலையாட்டினாள். அத்தோடு விட்டிருக்கலாம்.

"வேலூர்ல ஒருத்தருக்கு மாத்திப் போட்டுட்டேன் அண்ணி. விசாரணை வெச்சாங்க. அதனாலதான் வேலைய உட்டுட்டு வந்தேன்."

கூடத்தில் ஒப்பாரி ஏறி இறங்கியது. காசியம்மாள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் உன் கையால போட்டுக்கினாரா? வேற நர்ச வரச்சொல்லட்டான்னு கேட்டேன். வேணாம், செல்வியே போடட்டும்னாரே..."

காசியம்மாள் திரும்பிக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

அன்புச்செல்வி 'நோ'வின்மேல் ஒரு கோடு போட்டாள். எழுத்து மறையாதபடி, மெல்லியதாக. பக்கத்தில் 'எஸ்' என்று எழுதினாள். கீழே இருந்த இடத்தில் நடந்ததை நான்கு வரியில் எழுதிக் கையெழுத்திட்டாள். உறையில் போட்டு ஒட்டினாள்.

மூர்த்தி அதை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். அதற்குள் பாதையில் கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. வெறுங்காலோடு நடந்தவர்கள் ஹாரன் சத்தத்துக்கு ஒதுங்கி, ஆட்டோ போனதும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்து நடந்தார்கள்.

அவள் உள்ளே வந்தாள். தலைமாட்டில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை. சேலையை இழுத்துக்கொண்டு, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்துகொண்டாள்.