குளத்து இறாலும் ரெங்கசாமியின் மருந்தும்

நமுனுகுல மலையடிவாரத் தேயிலைத் தோட்டத்தில் இறால் பிடிக்கத் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது ரெங்கசாமியின் எண்ணம். மற்றவர்களும் அதை மறுப்பதில்லை. மறுத்தால் அவர் பேச்சை நிறுத்த மாட்டார் என்ற பயம்தான் காரணம்.

மகன் ஜெயரூபனுக்குப் பெண் கேட்டுத் தெமோதரைக்குப் போன இடத்திலும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளையைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டிய மனிதர், தோட்டத்துக் குளத்து இறாலைப் பற்றியே பேசித் தீர்த்தார். "நீங்க வீடு பாக்க வர்ற அன்னைக்கு எங்க வீட்டுல றால் கறிதான். இல்லாட்டி என் பேரு ரெங்கசாமி இல்ல" என்று சவால் வேறு விட்டுவிட்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. பெண்ணின் அப்பா அம்மா பகல் பஸ்ஸில் வருகிறார்கள். வீடும் ஆட்களும் பிடித்துப்போனால் அன்றைக்கே நாள் குறிப்பதாகப் பேச்சு. காலையிலேயே ரெங்கசாமி வறுத்த தேங்காய்ப்பூவை நுளம்பு வலைத் துண்டில் முடிந்துகொண்டு குளத்துக்குப் போனார். முடிச்சைக் கல்லிடுக்கில் இறக்கிவிட்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி காத்திருப்பது அவருடைய வழக்கம். அன்றைக்கு அந்தப் பாடே இல்லை. நீளக் கொடுக்கு வைத்த இறால்கள் தாமாகவே தண்ணீரை விட்டு ஏறிக் கரைப் புல்லில் கிடந்தன. தொட்டாலும் துள்ளவில்லை.

"முருகா, சம்பந்தி வர்ற சேதி ஒனக்கும் வந்திருச்சா!" என்று சிரித்துக்கொண்டே வாளி நிறைய அள்ளினார். ஓரத்தில் மீன் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. அதையெல்லாம் கவனிக்க அவருக்கு அப்போது எங்கே நேரம்?

பகல் பஸ்ஸில் சண்முகராஜாவும் அவர் மனைவி ஜெயலெட்சுமியும் வந்து இறங்கியபோது லயத்து வீட்டு வரிசை முழுக்கக் கறி வாசம். சண்முகராஜா பெஞ்சில் உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சினார். "வாசமே சோறு கேக்குது சம்பந்தி" என்றார். ரெங்கசாமிக்குத் தலைகால் புரியவில்லை.

ஜெயலெட்சுமி நேரே அடுப்பங்கரைக்குப் போனார். சட்டி நிறைய இறாலைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு றாலையும் எப்படிண்ணே புடிச்சீங்க?" என்று குரல் கொடுத்தார்.

"எங்கம்மா புடிச்சேன்? அதுகளே கரையேறி வந்து கெடந்துச்சு. கையால அள்ளிட்டு வந்தேன்!"

ஜெயலெட்சுமியின் முகம் மாறியது. "கரையேறிக் கெடந்துச்சா? எங்க தோட்டத்துலயும் ஒருக்கா இப்படித்தான் கெடந்துச்சுண்ணே. யாரோ தண்ணியில நஞ்சு கலந்திருக்காங்க. அள்ளித் தின்னவுங்க எல்லாம் பதுளை ஆஸ்பத்திரியில போய்க் கெடந்தாங்க."

ரெங்கசாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எந்தப் பய எங்க குளத்துல நஞ்சு கலந்தது? கைய ஒடிச்சிற மாட்டேன்!"

அகப்பையைக் கையில் பிடித்தபடி அவர் மனைவி ராசம்மா வாசலுக்கு வந்தார். "இந்தாங்க, நேத்து தேயிலைக்கு மருந்தடிச்சிட்டு வந்து டாங்கிய எங்க கழுவுனீங்க?"

"குளத்துலதான். எப்பவும் அங்கதானே கழுவுறோம்?"

"உள்ள இருந்த மிச்சம்?"

"அதையும் அங்கதான் ஊத்துனேன். அது நஞ்சா? மருந்துதானேடி!"

"அப்ப நாளைக்குக் காய்ச்சல் வந்தா அதுல ஒரு மூடி குடிச்சுக்குங்க" என்றார் ராசம்மா. ஜெயரூபன் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ரெங்கசாமி விட்டுக்கொடுக்கவில்லை. "அட, நல்லாக் கொதிச்சா எல்லாம் போயிரும்" என்றார். ராசம்மா தட்டில் ஓர் இறாலை வைத்து அவர் முன்னால் நீட்டினார். "அப்ப மொதல்ல நீங்க சாப்பிடுங்க."

எடுத்தார். வாய்வரை கொண்டுபோனார். கை அங்கேயே நின்றுவிட்டது. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் குதித்துக் குளிக்கிற குளம் அது. தன் பேரப் பிள்ளைகளும் நாளைக்கு அங்கேதான் குளிக்கும். இத்தனை வருசமாக எத்தனை டாங்கி அங்கே கழுவியிருப்போம் என்று நினைத்தார். இறாலைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே ஓடினார்.

"குளத்து றால யாராச்சும் அள்ளியிருந்தா திங்காதீங்க! தண்ணியில கால் வைக்காதீங்க! நான்தான் டாங்கி கழுவிக் கெடுத்துட்டேன்!" என்று லயத்துக்கு லயம் கத்திக்கொண்டே போனார். தன் இறாலைப் பற்றி ஊருக்கெல்லாம் பெருமை பேசிய அதே வாய்தான்.

திரும்பி வந்து, நாய் பூனை வாய் வைக்காதபடி அத்தனை இறாலையும் சட்டியோடு ஆழப் புதைத்தார். விருந்தாளிகளுக்குப் பருப்பும் கருவாடும் சம்பலும்தான் கிடைத்தன. ரெங்கசாமி தலையைத் தூக்கவேயில்லை. "இந்த வீட்டுக்குப் பொண்ணு குடுக்க இனி யோசிப்பீங்க" என்று முனகினார்.

"தன் தப்ப ஊர் முழுக்கக் கத்திச் சொன்ன ஆளு வீட்டுக்குப் பொண்ணு குடுக்க யோசிக்க என்னண்ணே இருக்கு?" என்றார் ஜெயலெட்சுமி. "தை மாசம் நாள் பாருங்க. ஆனா ஒண்ணு, எம்மக குளிக்கப்போற குளம் அது. சுத்தமா இருக்கணும்."

"றால் கறி பாக்கி இருக்கு சம்பந்தி" என்று சண்முகராஜா கருவாட்டைக் கடித்துக்கொண்டே நினைவூட்டினார்.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொண்டிருந்த கங்காணி, "ரெங்கசாமி, நீ மேல் மலைக்கு மருந்தடிக்கப் போ" என்றார்.

"மருந்து இல்லீங்க கங்காணி. நஞ்சடிக்கப் போறேன்."

பெரட்டுக் களமே சிரித்தது. ரெங்கசாமியும் சேர்ந்து சிரித்துவிட்டுச் சொன்னார்: "சிரிங்க, நல்லாச் சிரிங்க. மருந்து மருந்துன்னு சொல்லிச் சொல்லியே அதக் கொண்டுபோய்ப் புள்ளைங்க குளிக்கிற தண்ணியில கழுவிட்டோம். நஞ்ச நஞ்சுன்னு வாயால சொன்னாத்தான் அத ஊத்துற கைக்குப் பயம் வரும்."

அன்று மாலை வேலை விட்டபோது டாங்கிகள் எல்லாம் மலையிலேயே கழுவப்பட்டன. ஒன்றுகூடக் குளத்துப் பக்கம் வரவில்லை.